அசலுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது

ஆத்தூர் மாசானம் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம், திருச்செந்தூரில் யாரோ ஓரங்கட்டிப் போட்டிருந்த கரும்புச்சாறு மெஷின் ஒன்றை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அவர் மனைவி இசக்கித்தாய் வாசலில் நின்று பார்த்தாள். மனுஷன் கடை போடப் போகிறார் என்று நினைத்து, சாயங்காலமே எலுமிச்சையும் இஞ்சியும் வாங்கி வைத்தாள்.

அவர் கடை போடவில்லை. மெஷினைத் தூத்துக்குடி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், இரண்டு உருளைகளிலும் இருந்த வரிப்பள்ளங்களைக் கடைந்து வழுவழுப்பாக்கினார். அதில் படம் அடிக்கப் போவதாகச் சொன்னார். சாகுபுரத்து ரசாயன ஆலை ஆய்வகத்தில் முப்பத்து மூன்று வருஷம் அமிலத்தோடு புழங்கிய கை அது. துத்தநாகத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போட்டால் கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். அந்தப் பள்ளத்தில் மையைத் தேய்த்து, மேலே ஈரக் காகிதத்தை வைத்து உருளைக்குள் விட்டால் படம் காகிதத்தில் ஏறிவிடும். சென்னையிலிருந்து வந்த ஒருவர் நடத்திய பத்து நாள் பயிற்சியில் இதைக் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் அடித்த படங்களில் கரும்பு வாசம் வீசியது, எறும்பு வந்தது. போகப் போக வாசமும் போயிற்று, எறும்பும் போயிற்று.

ஒன்றரை வருஷம் கழித்து அவருக்கே திருப்தியாக ஒரு படம் வந்தது. பஸ் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, இசக்கித்தாய் தூங்குகிற படம். ஏழு பிரதி அடித்தார். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் எண்ணும் பெயரும் எழுதினார். ஆய்வகத்தில் அவர் எழுதிய அறிக்கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். கையெழுத்து எப்போதும் மேலே இருக்கிறவருடையது. அதுதான் முறை, அவருக்கு அதில் வருத்தமும் கிடையாது. ஆனாலும் தன் பெயரைத் தானே ஒன்றின் கீழ் எழுதியபோது கை கொஞ்சம் நடுங்கியது.

"வாயை மூடி வரைஞ்சிருக்கப்படாதா?" என்றாள் இசக்கித்தாய். ஆனால் அன்றைக்கே ஏரலிலிருந்த தங்கச்சிக்குப் போன் போட்டு, "தூத்துக்குடியில என்னைய மாட்டப் போறாவளாம்" என்று சொல்லிவிட்டாள். இப்படித் தகட்டிலிருந்து அடிக்கிற படங்களுக்கென்றே தூத்துக்குடியில் தென்கடற்கரைப் பதிப்போவிய வாரியம் என்று ஒன்று இருப்பதும், அது ஆண்டுதோறும் கண்காட்சி நடத்துவதும் பேப்பரில் வந்திருந்தன. தங்கச்சி சொந்தம், சொக்காரர் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். இனி மாட்டாமல் இருக்க முடியாது.

வாரியம் பீச் ரோட்டில் ஒரு பழைய உப்புக் கிட்டங்கியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். அதனால் ஜன்னலைத் திறப்பதில்லை. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், ஓர் உதவி இயக்குநர், ஓர் எழுத்தர். அச்சு இயந்திரம் கிடையாது. வேண்டுமென்று இரண்டு முறை எழுதினார்கள். இரண்டு முறையும் ஜெராக்ஸ் மெஷின் வந்தது.

எழுத்தர் ஜெப்ஸி படத்தை வாங்கிப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். "எங்க சின்னம்மை இப்படித்தான் தூங்குவாவ" என்றாள். பிறகு கீழே பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, நாலு பை ஏழுன்னு போட்டிருக்கு? மீதி மூணு எங்க?"

"மீதி ஆறும்மா. மொத்தம் ஏழு அடிச்சேன், இது நாலாவது."

"அப்ப இது மாதிரியே இன்னும் ஆறு இருக்கா?"

"இருக்கு."

ஜெப்ஸி பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப இது நகலு. விதியில அசல் மட்டும்னுல்லா இருக்கு."

"ஏழும் அசல்தாம்மா."

"ஏழும் அசல்னா, அப்புறம் அசல்னு ஒரு வார்த்தை எதுக்கு அண்ணாச்சி?"

கேள்வி தப்பில்லை என்றே மாசானத்துக்கும் பட்டது. ஜெப்ஸி அவரை உதவி இயக்குநர் சிவப்பிரகாஷின் அறைக்கு அழைத்துப் போனாள்.

சிவப்பிரகாஷ் மரியாதையான மனிதர். எழுந்து நின்று கும்பிட்டார், உட்காரச் சொன்னார், டீ சொன்னார். டீ வரவில்லை, சொன்னதே பெரிய விஷயம்.

"சார், இந்த வாரியம் எதுக்கு இருக்கு? பதிப்போவியத்தை வளர்க்க. பதிப்போவியத்துக்கு முதல் எதிரி யாரு? நகல். நகலை உள்ள விட்டா பதிப்போவியம் செத்துப்போகும். அதனாலதான் பன்னெண்டு வருஷமா நாங்க ஒரு பிரதியைக்கூட அனுமதிச்சதில்ல."

"அப்ப பன்னெண்டு வருஷமா கண்காட்சியில என்ன சார் வச்சிய?"

"விளக்கு வச்சோம். பேனர் வச்சோம். போன வருஷம் தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். ரொம்பச் சிறப்பா நடந்தது. சுவர் இவ்வளவு சுத்தமா எங்கயும் பார்த்ததில்லன்னு விருந்தினர் புத்தகத்துலயே எழுதியிருக்காங்க."

மாசானம் படத்தைச் சுருட்ட ஆரம்பித்தார். அந்தத் தளர்ச்சியைப் பார்த்துச் சிவப்பிரகாஷுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்தார். நகலாக இருந்தாலும், அதை அசலுடன் ஒப்பிட்டுப் பார்த்ததாக ஓர் அரசு அதிகாரி பச்சை மையில் கையொப்பமிட்டு முத்திரை வைத்தால் ஏற்கலாம். "ஏழுக்கும் வாங்கிட்டு வந்துருங்க. ஏழும் எங்க கஸ்டடிக்கு வந்துரணும். இல்லன்னா எது நகலோட நகல்னு குழப்பம் வரும்."

மாசானத்துக்குத் தெரிந்த ஒரே அதிகாரி பக்கத்து ஊர்க் கால்நடை மருத்துவர் அமலன். மறுநாள் காலை ஏழு படங்களையும் தகட்டையும் துணியில் சுற்றிக்கொண்டு போனார். அங்கே ஒரு பசு மாடு ஊசிக்காகக் காத்திருந்தது. மாட்டுக்குப் பின்னால் மாசானமும் நின்றார்.

அமலன் படத்தைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி, நான் பொய்யா கையெழுத்துப் போட மாட்டேன். தகட்டுல அம்மா வலப்பக்கம் சாஞ்சிருக்காவ. பேப்பர்ல இடப்பக்கம்லா சாஞ்சிருக்காவ."

"அது அப்படித்தான் டாக்டர். அச்சுல மாறி விழும்."

"மாறி விழுந்தா அது எப்படி ஒப்பிட்டதாகும்?" அமலன் நேர்மையான மனிதர், யோசித்தார். பிறகு தகட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், தன் பைக்கின் கண்ணாடி முன் பிடித்து, படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இப்ப சரியா இருக்கு." ஒவ்வொரு படத்திலும், 'அசலுடன் பைக் கண்ணாடியில் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது' என்று பச்சை மையில் எழுதினார். முத்திரையை ஓரத்தில் வைக்கும்படி மாசானம் கேட்டுக்கொண்டார். அது முடியாது என்றார் அமலன். முத்திரை பாதி உருவத்திலும் பாதி தாளிலும் விழ வேண்டும்; இல்லாவிட்டால் ஆளை மாற்றி ஒட்டிவிடுவார்கள். ஊதா முத்திரை ஏழு முறை இசக்கித்தாயின் கன்னத்தில் விழுந்தது.

வீட்டில் அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். "கால்... நடை... உதவி..." அப்புறம் கண்ணாடியைக் கழற்றினாள்.

"மாட்டாஸ்பத்திரி சீலா எம்மூஞ்சில?"

"விதி, ஏளா."

"எனக்கா விதி? உங்களுக்கா?"

மாசானம் அறிந்தவரை அது இரண்டு பேருக்கும் பொதுவானது.

ஏழு படங்களையும் தகட்டையும் வாரியத்தில் ஒப்படைத்தபோது இன்னொரு சிக்கல் வந்தது. தகடு இருக்கிற வரைக்கும் எட்டாவது, ஒன்பதாவது என்று அடித்துக்கொண்டே போகலாமே என்று சிவப்பிரகாஷ் கேட்டார். மாசானம் ஒத்துக்கொண்டார். பிரதிகள் முடிந்ததும் தகட்டில் குறுக்கே ஒரு கோடு கீறி ரத்து செய்வது இந்தக் கலையில் உள்ள வழக்கம்தான். மூலையில் ஒரு சின்னக் கோடு போதும், இப்போதே கீறிவிடுகிறேன் என்றார்.

"நீங்களா? அய்யய்யோ!" சிவப்பிரகாஷ் தகட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உருவாக்குறது யார் வேணா செய்யலாம் சார். ரத்து செய்ய அதிகாரம் வேணும்."

அதனால் கண்காட்சித் திறப்பு விழாவின் முதல் நிகழ்ச்சியே ரத்து விழா என்று அழைப்பிதழ் அச்சானது. அழைப்பிதழில் தலைவர், உறுப்பினர்கள், உதவி இயக்குநர் பெயர்கள் இருந்தன. மாசானத்தின் பெயர் இல்லை. கேட்டதற்கு, "நீங்க வருவீங்கன்னு எங்களுக்குத் தெரியுமே" என்றார்கள்.

திறப்பு விழாவுக்கு இசக்கித்தாய் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தங்கச்சி உட்பட பதினோரு பேருடன் வேனில் வந்தாள். பெரிய மனிதர்களுக்குக் கொடுக்க ஆத்தூர் வெற்றிலை ஒரு கட்டும் கொண்டுவந்திருந்தாள். கிட்டங்கியின் நடுவில் ஒரு மேசை, வெள்ளைத் துணி, வெள்ளித் தட்டு. தட்டில் தகடும், குஞ்சம் கட்டிய ஓர் ஊசியும். மேசையைச் சுற்றி ரிப்பன்.

தலைவர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒலிபெருக்கி முன் வந்தார்.

"அன்பர்களே, இந்தச் சிறு ஊசியைத் தொடும்போது என் உடல் சிலிர்க்கிறது. நான் வாழ்நாளில் எதையும் உருவாக்கியதில்லை என்று என் எதிரிகள் சொல்கிறார்கள். உண்மை. உருவாக்குவது எளிது நண்பர்களே. இதோ ஆத்தூரில் ஒரு பெரியவர் கரும்பு மெஷினில் உருவாக்குகிறார். ஆனால் ரத்து செய்வதற்கு ஒரு பதவி வேண்டும், ஒரு மேடை வேண்டும், ஒரு பொறுப்பு வேண்டும். இந்தக் கலைஞர் இந்த முகத்தை இனி ஒருபோதும் அச்சிட முடியாது என்று நாம் உறுதி செய்கிறோமே, இதைவிடக் கலைக்கு ஒரு வாரியம் செய்யக்கூடிய தொண்டு என்ன இருக்கிறது?"

கைதட்டல் பலமாக இருந்தது. சொக்காரரும் தட்டினார்கள், எல்லாரும் தட்டும்போது சும்மா இருக்க முடியாது.

தலைவர் நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு கோடு இழுத்தார். முதல் உறுப்பினர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்தார். இரண்டாமவர் எதையும் பிள்ளையார் சுழி இல்லாமல் தொடங்குவதில்லை என்று சொல்லி அதைப் போட்டார். மூன்றாமவர் தேதி எழுதினார். நான்காமவர் ஊசி எழுதுகிறதா என்று சந்தேகப்பட்டு, பேனாவைத் தாளில் கிறுக்கிப் பார்ப்பதுபோல வாய் இருந்த இடத்தில் கிறுகிறுவென்று கிறுக்கிப் பார்த்தார், எழுதியது. தகட்டில் ஊசி இழுபடும் அந்தச் சன்னமான சத்தத்தை மாசானம் ஒன்றரை வருஷமாகக் கேட்டிருக்கிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்து இப்போதும் கேட்டார். ஐந்து பேர் முடித்ததும் அவருக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர் மேடையில் மட்டும் இருந்தது.

ரிப்பன் வெட்டி, தடுப்புத் துணியை விலக்கினார்கள். சுவரில் வரிசையாக ஏழு சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு விளக்கு. இசக்கித்தாய் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். கிட்டே போனதும் நின்றுவிட்டாள். ஏழிலும் முகம் இருந்த இடத்தில் கருப்பாக அப்பிய ஒரு திட்டு. ஜன்னல் கம்பி இருந்தது. முத்திரை இருந்தது, தெள்ளத் தெளிவாக.

"இதுல நீ எங்கக்கா இருக்க?" என்று கேட்டாள் தங்கச்சி.

மாசானம் கிட்டே வந்து பார்த்தார். ஜெராக்ஸ். சிவப்பிரகாஷ் பெருமையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"பாதுகாப்பு சார். அசலை மாட்டினா உப்புக்காத்து பிடிக்கும், வெளிச்சம் படும், ஜனங்க பார்ப்பாங்க. அதெல்லாம் தாளுக்கு ஆகாது. அசல் ஏழும் பீரோவுல பத்திரமா இருக்கு. யாரும் பார்க்காத இடத்துல இருந்தாதான் சார் ஒரு அசல் அசலா இருக்கும்."

"நகல் கூடாதுன்னு சொன்னியளே சார்."

"உள்ள வர்றதுக்குத்தான் கூடாது. இது உள்ளயே எடுத்தது."

மாசானம் தலையாட்டினார். ஆய்வகத்தில் ஒரு கலவை சரியாக வராதபோது கீழே ஊற்றிவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பார். இங்கே எதைக் கீழே ஊற்றுவது என்று தெரியவில்லை. ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

இசக்கித்தாய் உட்காரவில்லை. சாப்பாட்டுக்கு எல்லாரும் பின்கட்டுப் பந்தலுக்குப் போன நேரம் பார்த்து அலுவலக அறைக்குப் போனாள். ஜெப்ஸி தனியாக இருந்தாள், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு. இசக்கித்தாய் வெற்றிலைக் கட்டை மேசைமேல் வைத்தாள்.

"தாயி, அந்த பீரோச் சாவி உங்கிட்டயா இருக்கு?"

ஜெப்ஸி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கன்னத்தையும் ஒரு தடவை பார்த்தாள். "எங்கிட்டதான்மா இருக்கு. பன்னெண்டு வருஷமா அதுக்குள்ள போன எதுவும் வெளிய வந்ததில்ல. வாரியத்துக்கு வச்ச எங்கலியாணப் பத்திரிகையும் உள்ளதான் கிடக்கு."

"எங்க வீட்டுக்காரரு அதுக்குக் கீழ பேரு எழுதும்போது நான் பாத்துட்டே இருந்தேன். கை நடுங்கிச்சு. முப்பத்தாறு வருஷத்துல அவருக்குக் கை நடுங்கி நான் பாத்ததில்ல."

ஜெப்ஸி கையைக் கழுவிவிட்டு வந்தாள். பீரோவைத் திறந்து ஏழு படங்களையும் எடுத்துத் தந்தாள். பிறகு மெஷினில் மிச்சமிருந்த ஜெராக்ஸ்களில் ஏழு தாளை எண்ணி, படங்கள் இருந்த உறைக்குள் வைத்துப் பீரோவைப் பூட்டினாள். "பதிவேட்டுல ஏழு தாள்னுதான் இருக்கு. ஏழு தாள் இருக்கு." சொல்லிவிட்டுத் தன் கல்யாணப் பத்திரிகையையும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மாசானத்துக்கு விஷயம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். இசக்கித்தாய் சேலைப் பையிலிருந்து ஏழு படங்களையும் எடுத்துக் கட்டிலில் பரப்பினாள். அவர் ஒவ்வொன்றின் ஓரத்தையும் தடவிப் பார்த்தார். "மடங்காம கொண்டுவந்துருக்க" என்றார் கடைசியில்.

எட்டு மாதம் பயந்துகொண்டே இருந்தார். ஒன்பதாம் மாதம் வாரியத்திலிருந்து பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. மாநில அளவிலான ஆய்வுக் குழு வாரியத்தின் பீரோவைத் திறந்து, பதிவேட்டுடன் சரிபார்த்து, ஏழு படைப்புகளும் ஐயத்துக்கிடமின்றி அசல் எனச் சான்றளித்திருந்தது. கருமையின் ஆழத்தைக் குறிப்பாகப் பாராட்டியிருந்தது. அசலைப் படைத்தவர் என்று நிரூபணமாகிவிட்டதால், இந்த ஆண்டின் அசல் சரிபார்ப்புக் குழுவில் அவரே ஒற்றை உறுப்பினராக இருக்க வேண்டும். அவர் கையொப்பமே இறுதியானது.

"போவியளா?" என்றாள் இசக்கித்தாய்.

"போகாட்டி அதுக்கும் ஒரு விளக்கம் கேட்டு எழுதுவான்."

போனார். ஆய்வுக் குழு ஒரு பதிப்போவியத்தை ஏற்றுக்கொண்ட செய்தி பரவி, இந்தத் தடவை இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். முதலில் ஆலந்தலையிலிருந்து ஒரு பெண். ரப்பர் விரிப்பில் செதுக்கி அடித்த படம்: மழையில் வலைகளை மூடுகிற தார்ப்பாய். கீழே இரண்டு பை ஐந்து.

"மீதி மூணு எங்கம்மா?" என்று சிவப்பிரகாஷ் ஆரம்பித்தார்.

மாசானம் அந்தப் பெண்ணைக் கையை நீட்டச் சொன்னார். நகக்கண்ணில் கருமை ஏறியிருந்தது. கழுவினாலும் நாலு நாளைக்குப் போகாது என்று அவருக்குத் தெரியும். படிவத்தில் 'அசல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்தவர் வந்தார்; மாசானம் கையைப் பார்த்தார், எழுதினார். படங்களையும் பார்த்தார். சில நன்றாக இருந்தன, சில சுமாராக இருந்தன. அது வேறு விஷயம். பதினொன்றரை மணிக்கெல்லாம் இருபத்து மூன்றும் முடிந்துவிட்டன.

சிவப்பிரகாஷுக்கு முகம் வெளிறியிருந்தது. "சார், கண்காட்சி முடியிற வரைக்கும் ஒதுக்கியிருக்கோம் இதுக்கு! எந்த அடிப்படையில அசல்னு எழுதினீங்க?"

"கையில மை இருந்துது சார்."

"கையில மையா? அதுக்கு எந்த விதி?"

மாசானம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவரைக் குழுவிலிருந்து நீக்கும் குறிப்பாணையை ஜெப்ஸி தட்டச்சு செய்து கொண்டுவந்தாள். 'போதிய தாமதமின்றிச் செயல்பட்டார்' என்பது காரணம். அதைக் கொடுக்கும்போது குனிந்து, "இதுல தலைவர் கையெழுத்து வேணும் அண்ணாச்சி. அவுக பதிப்போவியம் பத்திப் படிக்க வெளிநாடு போயிருக்காவ. வர மூணு வாரம் ஆவும்" என்றாள். "கண்காட்சி நாளைக்கே ஆரம்பம், பத்து நாளுதான்."

அவர் வீட்டுக்கு வந்தபோது இசக்கித்தாய் முற்றத்தில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன, இவ்வளவு சீக்கிரம் வந்துட்டிய?"

"வேலை முடிஞ்சுட்டு."

"சாப்ட்டியளா?"

"இல்ல. அதுக்குள்ள நீக்கிட்டாவ."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சோற்றைப் போட்டாள். அவர் பாதி சாப்பிடும்போது கேட்டாள். "அந்தப் பிள்ளையள் படத்தையெல்லாம் மாட்டுவாவளா?"

"மாட்டித்தான் ஆவணும். ரத்து செய்ய ஆளு ஊர்ல இல்ல."

இசக்கித்தாய் ரசச் சட்டியைக் கிட்டே இழுத்தாள். "அப்ப நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வருவோம். காலையிலயே போயிரணும், வெயிலுக்கு முந்தி."

மாசானம் ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை நகர்த்தினார்.